லெக்சியோ திவினா

லெக்சியோ திவினா என்பது விவிலியத்தின் ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசித்து, அதனை மனத்தில் அசைபோட்டு, அதற்கு மறுமொழியாகக் கடவுளிடம் பேசி, இறுதியில் அவர் முன்னிலையில் அமைதியாக இருக்கும் கிறித்தவ இறைவேண்டல் முறை ஆகும். வாசிப்பு, தியானம், வேண்டல், ஆழ்நிலைத் தியானம் என்னும் நான்கு படிகள் இதற்கு உண்டு. 6ஆம் நூற்றாண்டு முதல் மேற்கத்தியத் துறவு மடங்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றுவரும் இம்முறை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொதுநிலையினரிடையேயும் பரவியது.

இறைவேண்டல் என்றால் மனிதர் கடவுளிடம் கேட்பது, புகழ்வது, முறையிடுவது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கடவுள் பேசுவதும் மனிதர் அதைச் செவிமடுப்பதும் இறைவேண்டலின் மறுபாதி என்று கிறித்தவ மரபு கொள்கிறது. இந்த இருவழி உறவுக்கு நடைமுறை வடிவம் தரும் பழைய முறைகளுள் லெக்சியோ திவினா முதன்மையானது.

பெயர்

இலத்தீன் மொழியில் 'லெக்சியோ' என்பது வாசிப்பையும் 'திவினா' என்பது இறைத்தன்மை வாய்ந்தது என்பதையும் குறிக்கும். எனவே இப்பெயரின் நேர்ப்பொருள் 'இறை வாசிப்பு' ஆகும். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரிஜென் தம் மாணவர் கிரகோரிக்கு எழுதிய கிரேக்க மடலில் இதே பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தியுள்ளார். விவிலியத்தைக் கவனத்தோடு படிப்பது மட்டும் போதாது, அதைப் புரிந்துகொள்ள மன்றாடுவதும் மிகத் தேவை என்பது அம்மடலின் அறிவுரை.

அடிப்படைக் கருத்து

விவிலியம் கடந்த காலத்தில் எழுதப்பட்ட நூல் மட்டுமன்று, அதன் வழியாகக் கடவுள் இன்றும் வாசிப்பவரிடம் பேசுகிறார் என்னும் நம்பிக்கையே இம்முறையின் அடித்தளம். ஆகவே உரையாடலைத் தொடங்குபவர் கடவுள். மனிதர் செய்யும் வேண்டல் அதற்கான மறுமொழி. கேட்காமல் பேசத் தொடங்குபவர் தம் தேவைகளின் பட்டியலை மட்டுமே ஒப்பிப்பார் என்றும், பேசாமல் கேட்பதோடு நிறுத்துபவர் உறவுக்குள் நுழையாமல் செய்தியை மட்டுமே பெறுவார் என்றும் இம்மரபின் ஆசிரியர்கள் எச்சரித்துள்ளனர்.

இக்கருத்து மிகப் பழையது. கார்த்தேசு நகர ஆயரும் 258இல் மறைசாட்சியாக இறந்தவருமான சிப்ரியான், தம் நண்பர் தொனாத்துசுக்கு எழுதும்போது, வேண்டலிலும் வாசிப்பிலும் மாறி மாறி ஈடுபடுமாறும், ஒன்றில் கடவுளிடம் பேசி மற்றொன்றில் கடவுளைப் பேசவிடுமாறும் அறிவுறுத்தினார். 4ஆம் நூற்றாண்டில் எரோணிமுசு, மிலான் ஆயர் அம்புரோசு, அவரிடம் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீன் ஆகியோரும் ஏறத்தாழ இதே கருத்தைத் தத்தம் சொற்களில் எழுதியுள்ளனர்.

விவிலிய வேர்கள்

முதலாம் திருப்பாடலில், கடவுளின் சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவர் பேறுபெற்றவர் எனக் கூறப்படுகிறது. அங்கே பயன்படும் எபிரேய வினைச்சொல்லுக்கு 'முணுமுணுத்தல்' என்பது அடிப்படைப் பொருள். சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் விம்மலுக்கும் எசாயா நூல் இதே சொல்லை ஆள்கிறது. ஆகவே தியானம் என்பது தொடக்கத்தில் வாயும் செவியும் ஈடுபட்ட செயலாக இருந்தது எனலாம்.

சாமுவேல் முதல் நூலின் 3ஆம் அதிகாரம் இருவழி உறவுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பகுதியாகும். சீலோவில் உள்ள ஆலயத்தில் உறங்கிக்கொண்டிருந்த சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார். குரு ஏலியே தன்னை அழைப்பதாக எண்ணி அவன் மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். மூன்றாம் முறையில்தான் ஏலி நிலையை உணர்ந்து, எவ்வாறு மறுமொழி கூற வேண்டும் என்று அவனுக்குக் கற்றுத்தருகிறார். இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கேட்ட குரல் யாருடையது என்பதை அறிய இன்னொருவரின் துணை தேவைப்பட்டது. இரண்டு, சாமுவேல் கேட்ட சொற்கள் அவனுக்கு இனிமையாக இல்லை. தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு அது. மறுநாள் காலையில் அதைச் சொல்ல அவன் அஞ்சினான்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில் எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல் வரை சட்ட நூலை வாசிக்க, மக்கள் கேட்டு அழுகின்றனர். எசேக்கியேல் இறைவாக்கினர் சுருளேடு ஒன்றை உண்ணுமாறு பணிக்கப்படுகிறார். லூக்கா நற்செய்தியில் வானதூதரின் செய்தியைக் கேட்ட மரியா உடனே இசைவு தெரிவிக்காமல், அது எப்படி நிகழும் என்று வினவுகிறார். அந்நற்செய்தியின் இறுதியில், எம்மாவு செல்லும் வழியில் மறைநூல் விளக்கத்தைக் கேட்ட இரு சீடர்களின் உள்ளம் பற்றி எரிகிறது. இந்தப் பகுதிகள் அனைத்திலும் இறைச்சொல் கேட்பவரிடமிருந்து ஒரு மறுவினையை எழுப்புகிறது.

வரலாறு

துறவு மடங்கள்

எகிப்தின் பாலைநிலத் துறவிகள் விவிலியத்தின் பெரும்பகுதியை மனப்பாடம் செய்து, பாய் முடையும்போதும் கூடை பின்னும்போதும் ஓதிவந்தனர். 4ஆம் நூற்றாண்டில் பக்கோமியுசின் மடங்களில் எழுத்தறிவில்லாமல் சேர்பவர் வாசிக்கக் கற்றாக வேண்டும் என்னும் விதி இருந்தது.

6ஆம் நூற்றாண்டில் நூர்சியாவின் பெனடிக்ட் இயற்றிய ஒழுங்குமுறை நூல் 'செவிகொடு' என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்குகிறது. அதன் 48ஆம் அதிகாரம் உடல் உழைப்புக்கும் இறை வாசிப்புக்கும் உரிய நேரங்களைப் பருவத்துக்கேற்ப வகுக்கிறது. கோடையில் காலை வேலைக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், குளிர்காலத்தில் விடியல் முதல் இரண்டாம் மணி முடியும்வரையிலும், தவக்காலத்தில் மூன்றாம் மணி முடியும்வரையிலும் துறவிகள் வாசிப்பில் ஈடுபட்டனர். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் வழங்கப்பட்டது. அதை முதலிலிருந்து இறுதிவரை முறையாக வாசிக்க வேண்டும். சோம்பியிருப்போர் அல்லது வீண்பேச்சில் ஈடுபடுவோர் உண்டா எனப் பார்க்க மூத்த துறவிகள் ஓரிருவர் வாசிப்பு வேளையில் மடத்தைச் சுற்றிவந்தனர். நண்பகல் ஓய்வின்போது படுக்கையில் வாசிக்க விரும்புபவர் பிறருக்குத் தொல்லையில்லாமல் வாசிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் வாய்விட்டு வாசிப்பதே வழக்கமாக இருந்தது என்பதை இவ்விதி காட்டுகிறது.

இவ்வாறு உதடு, செவி, நினைவு ஆகிய மூன்றும் ஈடுபட்ட வாசிப்பைத் துறவிகள் மாடு அசைபோடுவதற்கு ஒப்பிட்டனர். காலையில் உட்கொண்ட ஒரு சொல்லை வயலிலும் சமையற்கூடத்திலும் மீண்டும் மீண்டும் மென்று சுவைப்பதே தியானம் எனப்பட்டது. இப்பண்பாட்டைப் பெனடிக்ட் சபைத் துறவியும் அறிஞருமான சான் லெக்லேர் 1957இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

இரண்டாம் கீகோ

நான்கு படிகளாக இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் இரண்டாம் கீகோ ஆவார். இவர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரான்சின் ஆல்ப்சு மலைப்பகுதியில் உள்ள கிராந்து சார்த்ரூசு என்னும் கர்த்தூசியத் துறவு மடத்தின் 9ஆம் தலைவராக இருந்தார். 'துறவியரின் ஏணி' என்னும் பொருள்படும் அவரது சிறுநூல், கெர்வாசு என்னும் உடன்துறவிக்கு எழுதிய மடல் வடிவில் உள்ளது. ஒருநாள் உடலுழைப்பில் ஈடுபட்டிருந்தபோது இந்நான்கு படிகளும் தம் எண்ணத்தில் தோன்றியதாக அவர் குறிப்பிடுகிறார்.

கீகோ இப்படிகளை உணவு உண்பதற்கு ஒப்பிடுகிறார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது; தியானம் மெல்லுகிறது; வேண்டல் சுவையைக் கண்டடைகிறது; ஆழ்நிலைத் தியானம் அச்சுவையாகவே நிற்கிறது. ஒன்றை விட்டு ஒன்று நிலைபெறாது என்பது அவர் கருத்து. தியானம் இல்லாத வாசிப்பு வறண்டது. வாசிப்பு இல்லாத தியானம் வழிதவறக்கூடியது. இவருக்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனித விக்டர் மடத்து இயூகு, இதே போன்ற வரிசையில் 'செயல்' என்பதையும் ஒரு படியாகச் சேர்த்திருந்தார்.

சரிவும் மாற்றுவடிவங்களும்

13ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தபோது மறைநூல் வாசிப்பின் நோக்கம் மாறத் தொடங்கியது. வினா எழுப்புதல், மறுத்தல், நிறுவுதல் என்னும் தருக்க முறைக்கு விவிலியப் பகுதிகள் சான்றுகளாகப் பயன்பட்டன. இறையியல் படிப்பும் இறைவேண்டலும் மெல்லப் பிரிந்தன. நூல்கள் கையால் எழுதப்பட்டு விலைமிக்கவையாக இருந்ததாலும், மக்களுள் பெரும்பாலோர் இலத்தீன் அறியாதவர்களாக இருந்ததாலும், இம்முறை மடங்களுக்கு வெளியே பரவ வாய்ப்பு குறைவாக இருந்தது. 150 திருப்பாடல்களை ஓத இயலாத எளிய மக்கள் அதற்கு ஈடாக 150 மங்கள வார்த்தை செபங்களைச் சொல்லும் வழக்கம் செபமாலையின் வளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று.

16ஆம் நூற்றாண்டு

1521இல் பம்ப்லோனாப் போரில் காலில் காயமுற்ற லொயோலா இஞ்ஞாசி, படுக்கையில் இருந்தபோது கிறித்துவின் வரலாற்று நூல் ஒன்றை வாசித்தார். அதை எழுதிய சாக்சனியின் லுடோல்பும் ஒரு கர்த்தூசியத் துறவியே. வீரக் கதைகளைப் பற்றிய கனவுகள் முடிந்தபின் மனம் வறண்டதையும், புனிதரைப் பின்பற்றும் எண்ணங்களுக்குப் பின் மகிழ்ச்சி நிலைத்ததையும் இஞ்ஞாசி கவனித்தார். எண்ணங்களின் மூலத்தை அவை விட்டுச்செல்லும் உணர்வைக் கொண்டு ஆராயும் அவரது முறை இவ்வாறு பிறந்தது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், தியானங்கள் 'உரையாடல்' என்னும் பகுதியோடு முடிகின்றன. நண்பர் நண்பரிடம் பேசுவது போலக் கடவுளிடம் பேசுமாறு அந்நூல் பணிக்கிறது.

எசுப்பானியாவின் அவிலா நகரத் தெரேசா (1515-1582) உள்ளத்தில் செய்யும் வேண்டலை, நம்மை அன்புசெய்கிறார் என்று நாம் அறிந்திருக்கும் ஒருவரோடு தனிமையில் கொள்ளும் நட்பாகவே விளக்கினார். பல ஆண்டுகளாகக் கையில் நூல் இல்லாமல் தம்மால் வேண்டலில் ஈடுபட முடியவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். 1559இல் தலைமை விசாரணையாளர் பெர்னாண்டோ தெ வால்தேசு வெளியிட்ட தடைப்பட்டியல், எசுப்பானிய மொழியில் இருந்த ஆன்மீக நூல்கள் பலவற்றை விலக்கியது. இலத்தீன் அறியாத துறவுப் பெண்களுக்கு இது பேரிழப்பாயிற்று. அப்போது கிறித்து தாமே உயிருள்ள நூலாக இருப்பதாகத் தமக்கு உணர்த்தினார் என்று தெரேசா தம் வரலாற்று நூலில் பதிவுசெய்துள்ளார்.

சீர்திருத்தத் திருச்சபைகள்

மார்ட்டின் லூதர் 1535இல் தம் முடிதிருத்துநருக்காக இறைவேண்டல் பற்றிய சிறுநூல் ஒன்றை எழுதினார். ஒவ்வொரு கட்டளையையும் அறிவுரை, நன்றி, பாவ அறிக்கை, மன்றாட்டு என்னும் நான்கு இழைகளாகப் பின்னுமாறு அதில் கற்பித்தார். வேண்டிக்கொண்டிருக்கும்போது தூய ஆவியார் உள்ளத்தில் பேசத் தொடங்கினால், ஆயத்தம் செய்த சொற்களை விட்டுவிட்டு அமைதியாகக் கேட்க வேண்டும் என்பதும் அவரது அறிவுரை. 1539இல் அவர் எழுதிய முன்னுரை ஒன்று வேண்டல், தியானம், சோதனை ஆகிய மூன்றும் இறையியலாளரை உருவாக்குகின்றன என்கிறது. துறவியர் ஏணியின் உச்சியில் ஆழ்நிலைத் தியானம் இருந்த இடத்தில் லூதர் வாழ்வின் போராட்டத்தை வைத்தது குறிப்பிடத்தக்கது.

17ஆம் நூற்றாண்டில் செருமனியில் தோன்றிய பக்தி இயக்கத்தினர், ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் விவிலியத்தை வாசித்து மறுமொழி கூற வேண்டும் என வலியுறுத்தினர். அவ்வியக்கத்தின் நடுவமாக விளங்கிய ஆலே நகரில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-1715இல் அங்கே அச்சிடப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் லூதரனிய இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர் இம்மரபை மீட்டார். நாசி ஆட்சியை எதிர்த்த திருச்சபையினருக்காக 1935இல் தொடங்கிப் பிங்கன்வால்டே என்னும் இடத்தில் அவர் நடத்திய குருப் பயிற்சியகத்தில், மாணவர்கள் நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் அமைதியாகத் தியானித்தனர். ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே சிறு பகுதி கொடுக்கப்பட்டது. மறையுரைக்குக் குறிப்பெடுக்கும் நோக்கில் அதை வாசிக்கக் கூடாது. தனக்கென எழுதப்பட்ட சொல்லாகவே வாசிக்க வேண்டும். இதற்குப் பழக்கப்படாத மாணவர்கள் தொடக்கத்தில் முணுமுணுத்தனர். 1937இல் இரகசியக் காவல்துறை பயிற்சியகத்தை மூடியபின்னும், சிதறிப்போன மாணவர்களுக்குப் பொன்ஹோபர் சுற்றுமடல்கள் அனுப்பி இத்தியானத்தைத் தொடரச் செய்தார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பின்னரும்

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, எல்லாக் கிறித்தவர்களும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்றது. வாசிப்போடு வேண்டலும் சேர்ந்தால்தான் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே உரையாடல் நிகழும் என்று கூறி, மேலே கண்ட அம்புரோசின் கருத்தை அதன் 25ஆம் பிரிவு மேற்கோளாகக் காட்டியது. 1980 முதல் மிலான் பேராயராக இருந்த கர்தினால் கார்லோ மரிய மர்த்தீனி, தம் பேராலயத்தில் இளைஞர்களுக்காக நடத்திய 'இறைச்சொல் பள்ளி' இம்முறையைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் ஆற்றிய உரையிலும், 2010இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வாக்கு' என்னும் திருத்தூது ஊக்கவுரையிலும் இதனைச் சிறப்பாகப் பரிந்துரைத்தார். தமிழில் 1995இல் வெளியான திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பு, தமிழ்க் கத்தோலிக்கரின் விவிலிய வாசிப்புக்குப் பெரிதும் பயன்படுகிறது.

நான்கு படிகள்

1. வாசிப்பு: பகுதி தன்னளவில் என்ன சொல்கிறது என்பதே இங்குக் கேள்வி. சூழல், பேசுபவர், நிகழ்வுகளின் வரிசை ஆகியவை கவனிக்கப்படுகின்றன. ஒரே பகுதி இரண்டு மூன்று முறை மெதுவாக வாசிக்கப்படும்.

2. தியானம்: அப்பகுதி வாசிப்பவருக்கு என்ன சொல்கிறது என்பது கேள்வி. மனத்தைத் தொட்ட அல்லது உறுத்திய ஒரு சொல்லில் அவர் நிலைத்து நிற்கிறார்.

3. வேண்டல்: வாசிப்பவர் கடவுளுக்கு என்ன சொல்கிறார் என்பது கேள்வி. நன்றி, மன்னிப்பு, மன்றாட்டு மட்டுமன்றிச் சினமும் முறையீடும் இதில் இடம்பெறலாம். திருப்பாடல்களுள் பல புலம்பல் வகையைச் சேர்ந்தவை என்பது இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

4. ஆழ்நிலைத் தியானம்: சொற்கள் அடங்கிய நிலை. இது பயிற்சியால் மட்டும் அடையப்படுவதன்று, கடவுள் அளிக்கும் கொடை என இம்மரபு கருதுகிறது.

இவற்றின் பயன் வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்பதால் 'செயல்' என்பதை ஐந்தாம் படியாகச் சேர்ப்பதும் உண்டு. படிகள் இறுக்கமான வரிசையாகக் கொள்ளப்படுவதில்லை. வேண்டலிலிருந்து மீண்டும் வாசிப்புக்குத் திரும்புவது இயல்பு.

ஓர் எடுத்துக்காட்டு

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், எரிகோ நகருக்கு வெளியே பர்த்திமேயு என்னும் பார்வையற்ற இரவலர் வழியோரம் அமர்ந்திருக்கிறார். இயேசு அவ்வழியே வருவதை அறிந்து கூவுகிறார். கூட்டத்தினர் அவரை அதட்டுகின்றனர். அவரோ இன்னும் உரக்கக் கூவுகிறார். இயேசு நின்று அவரை அழைக்க, அவர் மேலுடையை எறிந்துவிட்டு எழுந்து வருகிறார். தமக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார் என இயேசு அவரிடம் கேட்கிறார்.

வாசிப்புப் படியில் ஒரு விவரம் தெரியவரும்: இதற்குச் சற்று முன்னர் யாக்கோபு, யோவான் என்னும் சீடர்களிடமும் இயேசு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர்கள் அரியணையின் இருபுறமும் அமரும் உரிமையைக் கேட்டனர். இரவலர் பார்வையைக் கேட்கிறார். தியானத்தில் வாசிப்பவர் அக்கேள்வியைத் தம்மிடம் கேட்கப்பட்டதாக ஏற்கிறார். அதட்டும் கூட்டத்தில் தாம் நின்ற வேளைகள் அவருக்கு நினைவுக்கு வரலாம். வேண்டலில் அவர் தம் மறுமொழியைச் சொல்கிறார். கடவுள் மனிதரிடம் கேள்வி கேட்கிறார் என்பதும், விடைக்காகக் காத்திருக்கிறார் என்பதும் இப்பகுதியில் வெளிப்படுகின்றன.

குழுவாகச் செய்தல்

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு, இம்முறையின் குழு வடிவம் எனலாம். இறைவனை அழைத்தல், வாசித்தல், சொற்களைத் திரும்பக் கூறுதல், அமைதி காத்தல், பகிர்தல், செயல் பற்றிக் கலந்துபேசுதல், வேண்டுதல் என அது அமையும். பகிர்வின்போது ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவதோ விவாதிப்பதோ இல்லை. தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையில் அன்பியம் என்று அழைக்கப்படும் அடித்தளக் குழுக்களின் கூட்டங்களிலும் இவ்வகைப் பகிர்வு இடம்பெறுகிறது. பிரேசிலில் கார்மேல் சபைத் துறவி கார்லோசு மெசுத்தர்சு, ஏழை மக்களின் வாழ்க்கைச் சிக்கல்களோடு விவிலியத்தை இணைத்து வாசிக்கும் குழுக்களை ஊக்குவித்தார்.

தேர்ந்து தெளிதல்

உரையாடல் என்று கூறும்போது, உள்ளத்தில் கேட்பது கடவுளின் குரலா, வாசிப்பவரின் சொந்த விருப்பமா என்னும் கேள்வி தவிர்க்க இயலாதது. கார்மேல் சபைப் புனிதர் சிலுவை யோவான் (1542-1591) இதில் மிகக் கண்டிப்பானவர். சிறிது நேரம் தியானித்ததும் உள்ளத்தில் எழும் சொற்களைக் கடவுள் சொன்னதாக அறிவிப்போரைக் கண்டு தாம் அஞ்சுவதாகவும், பெரும்பாலும் அவர்கள் தமக்குத் தாமே பேசிக்கொள்கின்றனர் என்றும் 'கார்மேல் மலையேற்றம்' நூலில் அவர் எழுதினார்.

இதனால் மரபில் சில அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன:

- பெற்ற கருத்து, அப்பகுதி அதன் சூழலில் தரும் பொருளுக்கு முரண்படக் கூடாது. ஒரு தொடரைப் பிரித்தெடுத்துக் குறிசொல்லும் ஏடு போலப் பயன்படுத்துவது இம்முறை ஆகாது.
- அது திருச்சபையின் பொது நம்பிக்கைக்கும் பிறரன்புக் கட்டளைக்கும் இசைய வேண்டும்.
- அன்பு, பொறுமை, பணிவு போன்ற கனிகளை நாளடைவில் விளைவிக்க வேண்டும்.
- முதன்மையான முடிவுகளைத் தனித்து எடுக்காமல், ஆன்ம வழிகாட்டி ஒருவரோடு கலந்து பேச வேண்டும்.
- எப்போதும் தனக்குச் சாதகமாகவே பேசும் குரலை ஐயுற வேண்டும்.

மறுமொழி கிடைக்காத நிலை

இருவழி உறவு என்னும் கருத்துக்கு மிகப்பெரிய சோதனை கடவுளின் அமைதியாகும். நோயுற்ற குழந்தைக்காக வேண்டிய பெற்றோருக்கு நலம் கிட்டாதபோது, உரையாடல் என்னும் சொல்லே கசப்பாக ஒலிக்கக்கூடும். விவிலியம் இதை மறைக்கவில்லை. யோபு நெடுங்காலம் விடையின்றி முறையிடுகிறார். இறுதியில் கடவுள் பேசும்போதும் அவருடைய துன்பத்தின் காரணத்தை விளக்குவதில்லை. கெத்சமனி தோட்டத்தில் இயேசு வேண்டிய துன்பக்கிண்ணம் அகற்றப்படவில்லை.

கீகோவும் தம் ஏணி நூலில் இறையின்பம் திடீரென விலகிப்போகும் நிலையைப் பேசுகிறார். அது கைவிடப்பட்டதன் அடையாளமன்று. உள்ளம் செருக்குறாமல் காத்து, தேடலை ஆழப்படுத்தவே அவ்வாறு நிகழ்கிறது என்பது அவர் விளக்கம். சிலுவை யோவான் இந்நிலையை 'இருண்ட இரவு' என்றார். கொல்கத்தாவின் அன்னை தெரேசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் கடவுளின் உடனிருப்பை உணராமல் வாழ்ந்தார் என்பது 2007இல் வெளியான அவருடைய மடல்களால் பரவலாகத் தெரியவந்தது. அவர் அக்காலம் முழுவதும் நாள்தோறும் வேண்டலில் ஈடுபட்டார். அதனால் சிலர் அவரது நம்பிக்கையை ஐயுற்றனர். வேறு சிலரோ உணர்வின் துணையின்றியும் உறவு நிலைக்கும் என்பதற்கு அவரைச் சான்றாகக் கண்டனர்.

இத்தகைய வறட்சியில் லெக்சியோ திவினாவின் ஆசிரியர்கள் தரும் அறிவுரை எளியது: முதல் படிக்குத் திரும்பி வாசிப்பைத் தொடர வேண்டும். உணர்வு வராவிட்டாலும் சொல் அங்கே இருக்கிறது என்பதே அதன் காரணம்.

விமர்சனங்கள்

செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காந்து 1793இல் வெளியிட்ட சமய மெய்யியல் நூலில், கடவுளிடம் பேசுவதாக எண்ணிச் செய்யும் வேண்டலை மூடநம்பிக்கை என்றார். நல்வாழ்வு வாழும் உள்ளப்பாங்கே வேண்டலின் உண்மைப் பொருள் என்பது அவர் நிலைப்பாடு. 1841இல் லுட்விக் பொயர்பாக், வேண்டலில் மனிதர் தம்மையே இரண்டாகப் பிரித்துத் தம் இதயத்தோடு உரையாடுகின்றனர் என வாதிட்டார். இவர்களது பார்வையில் உறவின் மறுமுனையில் எவரும் இல்லை.

கிறித்தவத்துக்குள்ளிருந்தும் எதிர்ப்புகள் எழுந்தன. பொன்ஹோபரின் தியான முறையில் துறவு மடத்தின் வாடை வீசுவதாக இறையியலாளர் கார்ல் பார்த் 1936இல் தயக்கம் தெரிவித்தார். தனிப்பட்ட பொருள் தேடும் வாசிப்பு, பகுதியின் வரலாற்றுப் பொருளைப் புறக்கணிக்கக்கூடும் என்பது விவிலிய ஆய்வாளர்களின் கவலை. முதல் படியை நேர்மையாகச் செய்வதே இதற்குத் தீர்வு என ஆதரவாளர்கள் மறுமொழி கூறுகின்றனர்.

அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மன், கடவுளோடு நண்பர் போலப் பேசும் சில நற்செய்தித் திருச்சபையினரிடையே நெடுநாள் கள ஆய்வு செய்து 2012இல் நூல் வெளியிட்டார். கடவுளின் குரலை உள்ளத்தில் இனங்காண்பது தொடர்ந்த பயிற்சியால் கற்றுக்கொள்ளப்படும் திறன் என்று அவர் விளக்குகிறார். கடவுள் உண்மையில் பேசுகிறாரா என்பது தம் துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலைப்பாடு. நம்பிக்கையாளர்கள் இதைக் கேட்கக் கற்றுக்கொள்வதன் விளக்கமாகவும், நம்பாதோர் கற்பனையின் விளக்கமாகவும் கொள்கின்றனர்.